மூன்றாவது வாரத்தில் திருப்பிக் கொடுக்காதீர்கள்

“ரொம்ப நல்ல பிள்ளை டாக்டர். வந்து நாலு நாளாச்சு, ஒரு சத்தம் இல்ல. விட்ட எடத்துலயே படுத்திருக்கு.”

பாட்டி பெருமையாகத்தான் சொன்னார். ரப்பர் தோட்டத்துப் பால்வெட்டில் தொடங்கி, பால்மரத்தை அழித்து எண்ணெய்ப்பனையான செம்பனை நட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கி, முதுகு ஒத்துழைக்கும் வரை தோட்டத்தில் உழைத்தவர். இப்போது மலேசியாவின் சிலாங்கூரில், பத்தாங் பெர்ஜுந்தையில், தாமான் எனும் குடியிருப்பு ஒன்றில் தனியாக இருக்கிறார். ஊரின் பெயர் பெஸ்தாரி ஜெயா என்று மாறி வருடங்கள் ஆகிவிட்டன, ஆனாலும் எங்கள் வாயில் பழைய பெயர்தான் வருகிறது. பாட்டிக்குத் துணையாக இருக்கட்டும் என்று பேத்தி ஒரு காப்பகத்திலிருந்து தத்தெடுத்து வந்த பெட்டை நாய் அது. மூன்று வயதிருக்கும். நிறத்தைப் பார்த்து ‘செவலை’ என்று பெயர் வைத்திருந்தார்கள்.

மேசைமேல் ஏற்றிப் பார்த்தேன். காதுகள் பின்னால் ஒட்டிக்கிடந்தன. வால் வயிற்றுக்கடியில் சொருகியிருந்தது. ஓரக்கண்ணில் வெள்ளை தெரிந்தது. மூக்கை நக்கிக்கொண்டே இருந்தாள். வேகவைத்த கோழியை நீட்டினேன், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பயத்தில் உறைந்துபோன நாய் இப்படித்தான் இருக்கும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்த்து ‘சாது’ என்பார்கள்.

உதட்டைத் தூக்கினேன், ஈறு வெளுத்திருந்தது. காய்ச்சல் 40 பாகையைத் தாண்டியிருந்தது. நாய்க்கு 39 வரை இயல்பு. காதுமடலின் மடிப்பில் இரண்டு உண்ணி. ரத்தப் பரிசோதனையில், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறைந்திருந்தன. உண்ணி பரப்பும் எர்லிக்கியா நோய். பாட்டி மெச்சிய அந்த அமைதியில் பாதி பயம், பாதி காய்ச்சல்.

இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அதனால் காப்பகத்திலிருந்து நாயை அழைத்து வருகிறவர்களிடம் முதலில் சொல்வது இதுதான்: முதல் வாரத்திலேயே ரத்தம் எடுத்துப் பாருங்கள். காப்பகங்கள் தங்களால் முடிந்ததைச் செய்கின்றன, ஆனால் அங்கே நாய்கள் அதிகம், கைகள் குறைவு. உண்ணிக் காய்ச்சலை நேரத்தில் பிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரையை 28 நாள் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். நாய் தெளிந்துவிட்டதே என்று பத்தாம் நாளில் மாத்திரையை நிறுத்தாதீர்கள். கொசு பரப்பும் இதயப்புழுவுக்கும் சோதனை வேண்டும். அந்தப் புழு வளர்ந்து பரிசோதனையில் தெரிய ஆறு மாதம் ஆகும். அதனால் இன்று ‘இல்லை’ என்று வந்தாலும் ஆறு மாதம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். தடுப்பு மருந்தை மாதந்தோறும் விடாமல் கொடுங்கள்.

இனி நான் உண்மையிலேயே சொல்ல வந்த விஷயம். காப்பகங்களில் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் மூன்று நாள் நாய்க்கு எதுவும் புரியாது. சிலது சாப்பிடாது, சிலது கட்டிலுக்கடியை விட்டு வராது. மூன்று வாரத்தில் வீட்டின் ஒழுங்கு பிடிபடும். மூன்று மாதத்தில்தான் ‘இது என் வீடு’ என்று ஆகும். நாய்க்கு நாய் இது கூடும், குறையும். ஆனால் அந்த மூன்றாவது வாரம்தான் ஆபத்தானது. பயம் விலகியதும் நாய் தன் சுபாவத்தைக் காட்டத் தொடங்குகிறது. ரொட்டிக்காரர் மோட்டார் சைக்கிளைப் பார்த்துக் குரைக்கிறது, செருப்பைக் கடிக்கிறது, சாப்பாட்டுத் தட்டை நெருங்கினால் உறுமுகிறது. “டாக்டர், இது வந்தப்ப இப்படி இல்ல. ஏமாத்திக் குடுத்துட்டாங்க” என்று எனக்குப் போன் வருவது அப்போதுதான். திரும்பவும் காப்பகத்தில் கொண்டுபோய் விடுகிறார்கள். அந்த நாய் இந்த வீட்டை நம்பலாம் என்று எண்ணத் தொடங்கிய அதே வாரத்தில். என் தொழிலில் என்னை அதிகம் வருத்துவது இதுதான். நோயில் சாகும் நாய்க்கு மருந்தாவது கொடுத்துப் பார்க்கிறோம்.

நம்மவர்கள் அவசரப்படுவதற்கு ஒரு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் நாயை யாரும் ‘வளர்த்தது’ இல்லை. அது லயத்துக்கே பொது. விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு, கிளம்புகிறவர்களோடு அதுவும் கிளம்பும், மர வரிசையான நிரையில் பாம்பைக் கண்டால் முன்னால் நின்று குரைக்கும், மத்தியானம் யார் வீட்டு வாசலிலாவது சோறு தின்னும். பிறந்ததிலிருந்து எல்லோரையும் அறிந்த நாய் அது. பிறகு தோட்டங்கள் கைமாறின. சனங்கள் மலிவு விலை அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். நாய்கள் அங்கேயே நின்றுவிட்டன. அந்த நினைவை வைத்துக்கொண்டு இன்றைக்குத் தத்தெடுத்த நாயும் தானாகப் பழகிக்கொள்ளும் என்று எதிர்பார்க்கிறோம். கம்பிக் கூண்டும் சிமெண்டுத் தரையும் பக்கத்துக் கூண்டுகளின் இரைச்சலும் மட்டுமே அறிந்து வந்த நாய்க்கு நம் வீட்டு மின்விசிறிகூடப் புதிது.

பாட்டியிடம் நான் சொன்னவை சின்ன விஷயங்கள். வீட்டில் ஒரு மூலையை அவளுக்கென்று விடுங்கள், அங்கே படுத்திருக்கும்போது தொடாதீர்கள். சாப்பாடும் நடையும் தினமும் ஒரே நேரத்தில் இருக்கட்டும். சொந்தக்காரர்களை வரவழைத்துக் காட்டாதீர்கள். நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டாதீர்கள். பயந்த நாய்க்கு ஓட வழியில்லை என்றால் கடிப்பதுதான் மிச்சம். தட்டருகே உறுமினால் அடிக்காமல், தள்ளி நின்று அதைவிட நல்ல துண்டு ஒன்றைப் போடுங்கள். கண்ணுக்குக் கண் உற்றுப் பார்க்காதீர்கள், பழகாத நாய்க்கு அது மிரட்டல். பழகிய பிறகு அதே பார்வை வேறாகிவிடும். ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள்: நாயும் அதை வளர்ப்பவரும் ஒருவரையொருவர் பார்த்திருக்கும்போது இருவர் உடலிலும் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் கூடுகிறது. தாய்க்கும் சேய்க்கும் இடையில் சுரப்பதும் அதுதான். கையில் வளர்த்த ஓநாய்களிடம் அது காணப்படவில்லை.

செம்பனை ஊர்க்காரர்களுக்கு இன்னொன்று. இந்த நாட்டில் வணிக அளவில் முதல் செம்பனை நடப்பட்டது 1917-இல், எங்கள் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில். செம்பனை இருக்கும் இடத்தில் எலி இருக்கும், எலி இருக்கும் இடத்தில் எலி மருந்து இருக்கும். சில தோட்டங்கள் ஆந்தைக் கூடு வைத்து எலியைக் குறைக்கின்றன. நாய் வளர்ப்பவளாக எனக்கு அதுதான் பிடிக்கும். மருந்துக் கட்டியையோ, மருந்து தின்று செத்த எலியையோ நாய் தின்றால் ரத்தம் உறையாமல் போகும். கொடுமை என்னவென்றால், முதல் இரண்டு மூன்று நாள் நாய் நன்றாகவே இருக்கும். பிறகு திடீரென்று மூச்சு வாங்கும், ஈறு வெளுக்கும், மூக்கில் ரத்தம் வரும். நாயின் வாயில் மருந்துக் கட்டியைப் பார்த்த உடனே, மருந்துப் பொட்டலம் கிடைத்தால் அதையும் எடுத்துக்கொண்டு ஓடி வாருங்கள். முதல் சில மணி நேரத்துக்குள் என்றால் வாந்தி எடுக்க வைக்கலாம். பிறகு வைட்டமின் கே1 வாரக்கணக்கில் கொடுக்க வேண்டும். வீட்டில் உப்புத் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது இன்னொரு விஷமாகிவிடும்.

நாயை வேலிக்குள் வைத்திருங்கள். நடைக்குப் போனால் கயிற்றைக் கையில் பிடியுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பத்தின் வாசலில் நாய் எச்சில் பட்டால் சமய முறைப்படி கழுவ வேண்டிய வேலை அவர்களுக்கு. அந்தச் சங்கடத்தை நாம் கொடுக்க வேண்டாம். நாய்க்கு உரிமம் எடுங்கள், கருத்தடை செய்யுங்கள். கருத்தடை செய்த பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும் நோய் அநேகமாக வருவதில்லை. பாதி இரவில் அந்த அறுவைக்கு எத்தனையோ முறை எழுந்து வந்திருக்கிறேன்.

பதினெட்டாம் நாள் காலை, பசியாறும் நேரத்தில் பாட்டி போன் செய்தார். “டாக்டர், கொரைச்சிருச்சு! ரொட்டிக்காரனப் பார்த்து!” புகாரா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அதற்குள் பின்னால் செவலையின் குரல் கேட்டது. தொண்டை கட்டிய மாதிரி, பழக்கமில்லாத குரல். “திருப்பிக் குடுக்கணுமா பாட்டி?” என்று கேட்டேன். “என்னா பேச்சு பேசறீங்க” என்று வைத்துவிட்டார்.

போன வாரம் இரண்டாவது தடுப்பூசிக்கு இருவரும் வந்தார்கள். ஈறு நல்ல இளஞ்சிவப்பு. கோழியைக் கையிலிருந்தே வாங்கித் தின்றாள். ஊசியை எடுத்ததும் என்னைப் பார்த்துக் குரைத்தாள். பாட்டி அதட்ட வாயெடுத்தார். “விடுங்க பாட்டி, கொரைக்கட்டும்” என்றேன்.