கம்போசிஷன்: தமிழில் கட்டுக்கோப்பு

வெளியில் உட்கார்ந்து படம் வரைகிறவர்கள் அடிக்கடி கேட்கும் வார்த்தை, ‘கலர் எல்லாம் சரி, கம்போசிஷன்தான் நிக்கலை’. தாளின் நான்கு ஓரங்களுக்குள் எது எங்கே, எவ்வளவு பெரிதாக, எதை ஒட்டி வரவேண்டும் என்று முடிவுசெய்து எல்லாவற்றையும் ஒரே படமாக இணைப்பதுதான் கம்போசிஷன்.

மூலம் இலத்தீன்: ‘காம்’ என்றால் சேர்த்து, ‘போனெரே’ என்றால் வைத்தல். ஆனால் முதலில் இது ஓவியர்களின் சொல்லே இல்லை, பேச்சுக்கலையில் சொற்களை வாக்கியமாகக் கோப்பதற்குப் பெயர். 1435 வாக்கில் இத்தாலியரான லியோன் பத்திஸ்தா ஆல்பெர்ட்டி ஓவியம் பற்றிய தன் நூலில் இதைப் படத்துக்குக் கொண்டுவந்தார்: பரப்புகள் சேர்ந்து உறுப்பு, உறுப்புகள் சேர்ந்து உடல், உடல்கள் சேர்ந்து படம். நம் யாப்பும் இதே மாதிரிதான், எழுத்து சேர்ந்து அசை, அசை சேர்ந்து சீர், சீர் சேர்ந்து அடி. யாத்தல் என்றாலே கட்டுதல்தானே!

அதனால்தான் ‘கலவை’ என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை, அது தட்டில் நிறம் குழைப்பது. ‘அமைப்பு’ எதற்கும் பொருந்துகிற சொல். ‘காட்சியமைப்பு’ பரவாயில்லை, ஆனால் நாடக மேடைதான் நினைவுக்கு வரும். பள்ளியில் கம்போசிஷன் நோட்டைக் கட்டுரை நோட்டு என்றோமே, அந்தக் ‘கட்டு’ போதும். என் தேர்வு: கட்டுக்கோப்பு. கட்டுவதும் கோப்பதும் அதிலேயே இருக்கிறது.

டெல்டாவில் இந்தச் சொல்லின் அருமை சீக்கிரம் புரியும், ஏனென்றால் இங்கே மலை கிடையாது, கண்ணுக்கெட்டிய வரை சமதரை, எதையும் கட்டாமல் வரைந்தால் மேலே நீலம் கீழே பச்சை என்று படம் இரண்டு பட்டையாகப் பிரிந்துவிடும். முதலில் வானத்துக்குப் பெரிய பங்கா வயலுக்கா என்று தீர்மானியுங்கள், பாதிப் பாதி வேண்டாம். சம்பா நடவு முடிந்து வயலில் தண்ணீர் நிற்கும்போது வானம் கீழேயும் தெரியும், அப்போது அடிவானத்தை மேலே ஏற்றிவிடலாம். வரப்போ வாய்க்காலோ கண்ணை உள்ளே கூட்டிப்போகும், ஆனால் அது தாளின் மூலையில் சரியாகப் போய் முட்டினால் கண் அதே வழியில் வெளியேறிவிடும், கொஞ்சம் தள்ளி வையுங்கள்.

அப்புறம் கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள். தென்னந்தோப்பு, வைக்கோல்போர், மோட்டார் கொட்டகை எல்லாம் ஒரே கருமையாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கருமைதான் கட்டு. அதைத் தீப்பெட்டி அளவுக் கட்டத்தில் பென்சிலால் முதலில் போட்டுவிடுங்கள், காலை ஏழு மணி நிழல் ஒன்பது மணிக்கு அங்கே இருக்காது. திருவையாற்றுப் படித்துறையில் எனக்குப் படிகளின் கிடைக்கோடுகள்தான் தொல்லை, எல்லாம் படுத்துக் கிடக்கும். அங்கே குறுக்கே ஒரு மரம் நின்றால்தான் படம் கட்டுப்படுகிறது, அந்த மரம் ரொம்ப ஓரமாக இருந்தால் இரண்டு விரல் உள்ளே நகர்த்தித்தான் வரைகிறேன்.