மாற்றுத்திறனாளி என்பதால் மறுத்தார்களா? ஆணையருக்குப் புகார் எழுதும் முறை

சில மாதங்களுக்கு முன் ஒருவர் தாம் எழுதிய புகார் மனுவைப் படித்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். சக்கர நாற்காலியில்தான் நடமாட்டம். மூன்று பக்கம். ‘என்னை மனிதனாகவே மதிக்கவில்லை’ என்ற வரி நான்கு இடங்களில் இருந்தது. என்ன நடந்தது, என்றைக்கு நடந்தது என்பது மட்டும் ஓரிடத்திலும் இல்லை. அருகில் உட்கார்ந்து கேட்டபோது விஷயம் இரண்டே வரியில் வந்துவிட்டது. அவரை முதல் மாடியிலுள்ள பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது.

இந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு சட்டம் நிற்கிறது: 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. அடித்து விரட்டுவதும் வேலை மறுப்பதும் மட்டும்தான் பாகுபாடு என்று இந்தச் சட்டம் கருதவில்லை. ஒருவருக்குத் தேவையான நியாயமான வசதியைச் செய்து தர மறுப்பதும் பாகுபாடுதான் என்று அதன் வரையறையிலேயே எழுதியிருக்கிறது. எதிர்த்தரப்புக்கு அளவுக்கு மீறிய சுமையாகாத மாற்றமே நியாயமான வசதி. புது லிஃப்ட் கட்டித் தரச் சொன்னால் செலவுக் கணக்கு காட்டுவார்கள். தரைத்தளத்தில் ஒரு மேசை கேட்டால் என்ன கணக்கு காட்ட முடியும்?

அதனால்தான் புகாருக்கு முன்னால் ஒரு கடிதம் வேண்டும் என்று நான் எல்லோரிடமும் வற்புறுத்துவேன். வாயால் கேட்டதை ‘கேட்கவே இல்லை’ என்று சொல்லிவிடலாம். எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்கி வைத்தால் சொல்ல முடியாது. முத்திரை போட மறுத்தால் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பி, சேர்ந்ததற்கான சான்றை வாங்கி வையுங்கள். அரசு அலுவலகம் என்றால் சட்டத்தின் 23-ம் பிரிவுப்படி அங்கே ஒரு குறைதீர் அலுவலர் இருக்க வேண்டும்; அவர் புகாரைப் பதிவேட்டில் ஏற்றி, இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். பல இடங்களில் அந்த அலுவலர் யார் என்பது பக்கத்து மேசைக்காரருக்கே தெரியாது. அந்தப் பதவியின் பெயருக்கே எழுதுங்கள்; ஆள் யார் என்று கண்டுபிடிப்பது அவர்கள் பாடு.

அடுத்து, யாருக்கு எழுதுவது என்ற கேள்வி. ரயில்வே, பொதுத்துறை வங்கி, மத்திய அரசுத் தேர்வு வாரியம் போன்றவை என்றால் டெல்லியிலுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கான தலைமை ஆணையர். மாநில அரசின் அலுவலகம், பள்ளி, பஸ் என்றால் சென்னையிலுள்ள மாநில ஆணையர். மாறிப் போனால் வாரக்கணக்கில் நாள் வீணாகும். கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.

2017-ம் ஆண்டு மத்திய விதிகளில் 38-வது விதி, தலைமை ஆணையருக்கான மனுவில் என்னென்ன இருக்க வேண்டும் என்று சொல்கிறது: உங்கள் பெயர், முகவரி, எதிர்த்தரப்பின் பெயர், முகவரி, நடந்தது என்ன, எங்கே, எப்போது, ஆதார ஆவணங்கள், கோரும் நிவாரணம். நேரில் கொடுக்கலாம், இன்னொருவர் மூலமாகக் கொடுக்கலாம், தபாலிலோ மின்னஞ்சலிலோ அனுப்பலாம். மாநில ஆணையருக்கு எழுதும்போதும் இதே விவரங்களைக் கொடுத்துவிடுங்கள்.

இவற்றில் பெரும்பாலோர் கோட்டை விடுவது கடைசியில், அதாவது நிவாரணத்தில். ‘தக்க நடவடிக்கை எடுக்க வேண்டுகிறேன்’ என்று முடித்துவிடுகிறார்கள். எந்த நடவடிக்கை? நம் எழுத்தரின் மனுவை இப்படி மாற்றினோம்: ‘இந்தத் தேதியில் முதல் மாடிப் பிரிவுக்கு மாற்றப்பட்டேன். லிஃப்ட் இல்லை. தரைத்தளப் பிரிவு ஒன்றில் பணி கேட்டு இந்தத் தேதியில் மனுக் கொடுத்தேன். நகல் இணைப்பு 2. பதில் இல்லை. இது வேலையில் பாகுபாடு கூடாது என்னும் சட்டத்தின் 20-ம் பிரிவுக்கு மாறானது. என்னைத் தரைத்தளப் பிரிவில் அமர்த்த ஆணையிடக் கோருகிறேன்.’ மூன்று பக்கம் முக்கால் பக்கமாகியது. அவருக்கு முதலில் வருத்தம்தான். பட்ட பாடெல்லாம் போய்விட்டதே என்றார். பட்ட பாட்டை விசாரணையில் சொல்லிக்கொள்ளலாம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். மறுப்புக்கும் மாற்றுத்திறனுக்கும் உள்ள தொடர்பு மனுவில் தெரிய வேண்டும். பதவி உயர்வு தாமதம், மேலதிகாரியோடு சண்டை என்று எல்லோருக்கும் நேர்வதை மட்டும் எழுதினால், இதில் பாகுபாடு எங்கே என்று கேட்டு மனுவை முடித்துவிடுவார்கள்.

தலைமை ஆணையர் மனுவின் நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்பி 30 நாளில் விளக்கம் கேட்பார். தேவையென்றால் இன்னும் 15 நாள் வரை கொடுக்கலாம். வரும் பதிலில் எந்த வரி பொய், அதற்கு எந்தக் காகிதம் சாட்சி என்று உங்கள் மறுமொழி இருக்கட்டும். ஆட்களை அழைக்கவும் ஆவணங்களைக் கொண்டுவரச் சொல்லவும் ஆணையருக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குள்ள அதிகாரம் உண்டு. விசாரணை நாளில் நீங்கள் வராவிட்டால் மனுவையே தள்ளுபடி செய்துவிடலாம். வர முடியாவிட்டால் முன்கூட்டியே எழுதித் தெரிவியுங்கள். எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்ததிலிருந்து கூடியவரை மூன்று மாதத்தில் முடிவு வர வேண்டும் என்கிறது விதி. ‘கூடியவரை’ என்ற சொல்லையும் சேர்த்தே படியுங்கள்.

முடிவு பரிந்துரையாக வரும். ‘வெறும் பரிந்துரைதானே’ என்று இளக்காரமாகப் பேசுபவர்கள் 76-ம் பிரிவைப் படித்ததில்லை. பரிந்துரை பெற்ற அதிகாரி நடவடிக்கை எடுத்து, மூன்று மாதத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று காரணம் எழுத வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கும் அதைத் தெரிவிக்க வேண்டும். எழுத்தில் வந்த அந்தக் காரணம் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது உங்கள் கையில் இருக்கும் நல்ல ஆயுதம். சட்டத்தை மீறுபவர்களுக்கு 89-ம் பிரிவில் முதல் முறை 10,000 ரூபாய் வரையும், மறுபடி மீறினால் 50,000 முதல் 5 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் உண்டு.

ஆணையரால் முடியாதது ஒன்று இருக்கிறது. இடைக்காலத் தடை கொடுக்க அவருக்கு அதிகாரமில்லை என்று, முந்தைய 1995-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த ஒரு வங்கி வழக்கில், 2010-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நாளை மறுநாள் தேர்வு, உங்களுக்குப் பதிலாக எழுதுபவரை அனுமதிக்க மாட்டோம் என்கிறார்கள் என்றால் ஆணையருக்குத் தபால் போட்டுக் காத்திருக்காதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போய் இலவச வழக்கறிஞர் கேளுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கு அந்த உதவி சட்டப்படி உண்டு; அடையாள அட்டை நகலையும் மறுப்புக் கடிதத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.