ஜிட்டர்: நடுக்கமா, விதிர்ப்பா?

டிஜிட்டல் ரேடியோ ஏற்பியில் உள்ள ஏடிசி (அலையை எண்களாக மாற்றும் சிப்), கடிகாரத் துடிப்பின் விளிம்பு வரும் ஒவ்வொரு முறையும் அலையிலிருந்து ஒரு மாதிரி எடுக்கிறது. 100 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் என்றால் 10 நானோவினாடிக்கு ஒரு விளிம்பு வர வேண்டும். ஆனால் ஒன்று துளி முந்தும், அடுத்தது துளி பிந்தும். இந்த முந்தல் பிந்தலுக்குத்தான் ஜிட்டர் என்று பெயர்.

சொல் பொறியியலில் பிறந்ததல்ல. 1920களின் அமெரிக்கப் பேச்சுவழக்கில் ‘ஜிட்டர்ஸ்’ என்றால் பதற்றத்தில் வரும் உதறல். குளிரில் நடுங்குவதைக் குறிக்கும் ‘சிட்டர்’ என்ற பழைய வட்டாரச் சொல்லோடு அதை இணைத்துப் பார்ப்பவர்கள் உண்டு. மின்னணுவியல் அதைப் பின்னால்தான் எடுத்துக்கொண்டது.

தமிழில் தேடினால் தொல்காப்பிய உரியியலின் ஒரே நூற்பாவில் மூன்று சொற்கள் கிடைக்கின்றன: ‘அதிர்வும் விதிர்ப்பும் நடுக்கம் செய்யும்’. இவற்றில் அதிர்வை அதிர்வெண் எடுத்துக்கொண்டுவிட்டது. ஜிட்டருக்கும் அதையே வைத்தால் குழப்பம்தான். (இலங்கைப் பாடநூல்கள் அதிர்வெண்ணை மீடிறன் என்பதால் அங்கே இந்தத் தொல்லை குறைவு.) ‘விதிர்விதிர்த்துப் போனான்’ என்று இன்றும் எழுதுகிறோம் அல்லவா, அந்த விதிர்ப்புதான் ஜிட்டர்ஸுக்கு அச்சு அசல். ஆனாலும் நிலநடுக்கத்தால் எல்லோருக்கும் பழகிப்போன நடுக்கமே புழக்கத்துக்கு ஏற்றது. எது நடுங்குகிறது என்பதையும் சேர்த்துத் ‘துடிப்பு நடுக்கம்’ என்பதே நம் தேர்வு. அலைவு என்று எழுதுவது தவறு. அது அலையியற்றியின் (கடிகார அலையை உருவாக்கும் சுற்றின்) இயல்பான வேலை, கோளாறு அல்ல. 10 ஹெர்ட்ஸுக்கும் மெதுவான நேர விலகலைத் தொலைத்தொடர்புத் தரநிலைகள் தனிப்பெயரிட்டுப் பிரிக்கின்றன. அதை ‘அலைச்சல்’ எனலாம்.

இதே நோயை நிறமாலையில், அதாவது அதிர்வெண்வாரியாகப் பிரித்துப் பார்த்தால், அது கட்ட இரைச்சல் (ஃபேஸ் நாய்ஸ்). இலங்கை வழக்கில் அவத்தை இரைச்சல். கடிகார அலையின் இருபுறமும் பாவாடைபோல் விரியும் இரைச்சல் அது. மாதிரியெடுக்கும்போது இந்தப் பாவாடை உள்ளே வரும் ஒவ்வொரு சமிக்ஞைக்கும் ஒட்டிக்கொள்கிறது. பக்கத்து அலைவரிசையில் வலுவான நிலையம் இருந்தால், அதன் பாவாடை நீங்கள் கேட்க நினைக்கும் மெல்லிய குரலை மூடிவிடும்.

எவ்வளவு நடுக்கம் தாங்கும்? அலை செங்குத்தாக ஏறும் இடத்தில் நேரம் சற்றுப் பிசகினாலும் மின்னழுத்தம் நிறையப் பிசகும். ஆகவே உள்ளே வரும் அதிர்வெண் உயர உயரக் கேடும் கூடும். 2π, உள்ளீட்டு அதிர்வெண், நடுக்கம் ஆகிய மூன்றையும் பெருக்கி, அதன் பத்தடி மடக்கையை −20ஆல் பெருக்கினால் சமிக்ஞை–இரைச்சல் விகிதத்தின் உச்சவரம்பு டெசிபலில் கிடைக்கும். 1 பிக்கோவினாடி (வினாடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) நடுக்கத்துக்கு 10 மெகாஹெர்ட்ஸில் 84 டெசிபல், 145 மெகாஹெர்ட்ஸில் வெறும் 61. கடிகாரத்தின் அதிர்வெண் இந்தக் கணக்கில் வருவதே இல்லை. பலர் தவறுவது இங்கேதான்.

ஓர் உண்மைக் கணக்கு. 100 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் அலையியற்றியின் இரைச்சல் தளம், ஒரு ஹெர்ட்ஸ் அகலத்துக்குக் கடிகார அலையைவிட 160 டெசிபல் கீழே இருக்கட்டும். அதை 100 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்குத் தொகுத்தால் சுமார் 225 ஃபெம்டோவினாடி (0.225 பிக்கோவினாடி) நடுக்கம் வருகிறது. எல்டிசி2208 ஏடிசியின் சொந்த நடுக்கம் 70. இரண்டையும் நேராகக் கூட்டாதீர்கள். வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 236. 30 மெகாஹெர்ட்ஸில் இதன் வரம்பு 87 டெசிபல், அந்த ஏடிசி தருவதோ 78 அளவில். சிற்றலைக்கு இதற்குமேல் செலவழிப்பது வீண். 145 மெகாஹெர்ட்ஸை நேரடியாக மாதிரியெடுத்தால் வரம்பு 73க்கு இறங்கிவிடும். அங்கேதான் கடிகாரத்துக்குச் செலவழிக்க வேண்டும். மேலே உள்ள 225இல் பெரும்பங்கு, கடிகார அதிர்வெண்ணிலிருந்து தள்ளியுள்ள தூரத்து இரைச்சலுடையது. கடிகாரத்தைக் கிரிஸ்டல் வடிகட்டி வழியே விட்டு, 1 மெகாஹெர்ட்ஸுக்கு அப்பாலுள்ளதை வெட்டினால் அது பத்தில் ஒரு பங்காகும்.

அடுத்தது விளிம்பின் செங்குத்து. கடிகாரப் பாதையில் 100 மைக்ரோவோல்ட் இரைச்சல் இருந்து, சைன் அலையின் உச்சம் 0.2 வோல்ட் மட்டுமே என்றால் 0.8 பிக்கோவினாடி நடுக்கம். உச்சத்தை 1 வோல்ட்டாக்கினால் 0.16. அதனால்தான் மின்மாற்றியால் அலையைப் பெரிதாக்கி, ஏடிசி முனையருகே எதிரெதிராக இரண்டு ஷாட்கி டையோடுகளை இணைத்து, சுமார் 0.8 வோல்ட் உச்சிக்குஉச்சி அளவில் கத்தரிக்கிறார்கள். செங்குத்து மிஞ்சும், சிப்பும் பிழைக்கும்.

கடிகாரத்தை எஃப்பிஜிஏ (மாதிரிகளைக் கணக்கிடும் தர்க்கச் சிப்) வழியாக ஏடிசிக்குக் கொண்டுபோகாதீர்கள். உள்ளே மாறிக்கொண்டிருக்கும் தர்க்கவாயில்கள் அத்தனையும் மின்வழங்கல் வழியே விளிம்பை அசைக்கும். அலையியற்றியிலிருந்து நேராக ஏடிசிக்கு, அங்கிருந்து எஃப்பிஜிஏவுக்கு என்பதே சரியான வழி. அலையியற்றிக்கு எல்டி3042 போன்ற தனி நேரியல் மின்னழுத்தச் சீராக்கி கொடுங்கள்; அதன் இரைச்சல் 0.8 மைக்ரோவோல்ட். சுவிட்சிங் சீராக்கியிலிருந்து நேராக ஊட்டினால், அது 500 கிலோஹெர்ட்ஸில் ஓடும்போது ஒவ்வொரு நிலையத்தின் இருபுறமும் 500 கிலோஹெர்ட்ஸ் தள்ளி ஒரு பொய் நிலையம் முளைக்கும்.

ஜிபிஎஸ்ஸோடு பூட்டிய 10 மெகாஹெர்ட்ஸ் குறிப்பலையைச் சேர்த்தால் நடுக்கம் தீரும் என்பது தவறு. அது தீர்ப்பது அலைச்சலை. அதைப் பத்தால் பெருக்கி 100 ஆக்கினால் கட்ட இரைச்சல் 20 டெசிபல் ஏறவே செய்யும். குறிப்பலையை, மெதுவான விலகலை மட்டும் திருத்தும் குறுகிய பட்டையகலப் பூட்டில் கொடுத்து, தூரத்து இரைச்சலைக் கிரிஸ்டல் அலையியற்றியின் பொறுப்பில் விட வேண்டும்.

பழி உண்மையில் நடுக்கத்தின் மேல்தானா என்று பார்க்க, கிரிஸ்டல் வடிகட்டியால் தூய்மையாக்கிய வலுவான ஒற்றை அலையை உள்ளே விடுங்கள். அதன் அளவை 10 டெசிபல் குறையுங்கள். இரைச்சலும் 10 குறைந்தால் நடுக்கம்; அசையாமல் நின்றால் அது வெப்ப இரைச்சல், கடிகாரத்தை மாற்றிப் பயனில்லை. உறுதிப்படுத்த, அதே அளவில் அதிர்வெண்ணை இரட்டியுங்கள்: நடுக்கமானால் இரைச்சல் 6 டெசிபல் ஏறும்.