மாவுச்சத்தைக் குறைக்கும் முன் மாத்திரைச் சீட்டோடு வாருங்கள்

“பத்து நாளா மாவுச்சத்தைக் குறைச்சிட்டேன் டாக்டர். வெறும் வயித்துல 190 இருந்தது, இப்ப 120. சுகர் போயிடுச்சா?”

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவர் இப்படிக் கேட்டபோது அவருடைய சந்தோஷம் என்னையும் தொற்றிக்கொண்டது. அடுத்து அவர் சொன்னதுதான் என்னை நிமிர வைத்தது. சாயங்காலமானால் கை நடுங்குகிறதாம், வேர்த்துக் கொட்டுகிறதாம். கிளிமிபிரைடு மாத்திரையைப் பழைய அளவிலேயே போட்டுக்கொண்டிருந்தார். அப்போதே சர்க்கரை பார்த்தோம்: 58.

இந்த ஒன்றுக்காகவே இதை எழுதுகிறேன். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரைகள் நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்க்காமல் இன்சுலினைச் சுரக்க வைப்பவை. இன்சுலின் ஊசியும் அப்படித்தான், போட்ட அளவுக்கு வேலை செய்யும். மாவுச்சத்தைக் குறைக்கும் அன்றே இவற்றின் அளவையும் மருத்துவர் குறைத்தாக வேண்டும். இல்லையென்றால் சர்க்கரை 70-க்குக் கீழே போய்விடலாம். டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரைகளை எடுப்பவர்களுக்கு வேறோர் ஆபத்து. மீட்டரில் சர்க்கரை அதிகம் ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் (கொழுப்பு எரியும்போது உண்டாகும் அமிலப் பொருள்) கூடி, வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரலாம். ரத்த அழுத்த மாத்திரையைக்கூடக் குறைக்க வேண்டி வரலாம். முதல் வகை சர்க்கரை நோயாளிகள், கர்ப்பிணிகள், சிறுநீரகப் பாதிப்பு உள்ளவர்கள் இதைத் தாங்களாகத் தொடங்கவே கூடாது.

சரி, அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். சுகர் போகவில்லை. உள்ளே வரும் குளுக்கோஸ் குறைந்திருக்கிறது, அவ்வளவுதான். நோயின் வேர் பெரும்பாலும் கல்லீரலில் இருக்கிறது. “ராத்திரி ஒண்ணுமே சாப்பிடல, காலையில 160 எப்படி வந்துச்சு?” என்று பலர் கேட்பார்கள். கொழுப்பு படிந்த கல்லீரல் இன்சுலின் சொல்வதைக் கேட்காது. ராத்திரி முழுக்கத் தானே குளுக்கோஸைத் தயாரித்து ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்கும். அங்கே மிஞ்சும் கொழுப்பு கணையத்திலும் சேர்ந்து, இன்சுலின் சுரப்பையும் மந்தமாக்குகிறது. அந்தக் கொழுப்பு கரைய வேண்டுமானால் எடை குறைய வேண்டும்.

2017-ல் பிரிட்டனில் ராய் டெய்லர், மைக் லீன் குழுவினர் வெளியிட்ட டைரக்ட் ஆய்வை நோயாளிகளிடம் அடிக்கடி சொல்வேன். நோய் வந்து ஆறு ஆண்டுக்குள் இருந்த, இன்சுலின் போடாதவர்கள் அதில் சேர்க்கப்பட்டார்கள். எடைகுறைப்புத் திட்டத்தில் இருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கு ஓராண்டு முடிவில் மருந்தில்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 சதவீதம். அவர்கள் முதல் சில மாதம் குடித்தது ஒரு நாளைக்குச் சுமார் 850 கலோரி தரும் திரவ உணவு. அது மாவுச்சத்தை மட்டும் குறைத்த உணவல்ல. அதனால்தான் ‘எந்த டயட் நல்லது’ என்ற சண்டையில் நான் இறங்குவதில்லை. பசியைத் தாங்க வைத்து, குறைந்த எடையைத் திரும்ப ஏறாமல் பிடித்துவைக்கும் வழி எதுவோ அது நல்லது. என்னிடம் வருபவர்களில் பலருக்கு அது மாவுச்சத்தைக் குறைப்பதாகவே அமைகிறது. இனிப்புப் பானங்களையும் பழச்சாறையும் முதலில் நிறுத்தச் சொல்வேன். பிறகு தானியத்தையும் கிழங்கையும் பாதியாக்கி, அந்த இடத்தைக் காய்கறியாலும் புரதத்தாலும் நிரப்பச் சொல்வேன். ஒரேயடியாகப் பூஜ்ஜியத்துக்குப் போக வேண்டியதில்லை.

முதல் வாரத்தில் இறங்கும் எடையில் பெரும்பங்கு நீர். அதற்குப் பிறகு வேகம் குறையும், மனம் தளராதீர்கள். ஆனால் ஒல்லியான ஒருவருக்குச் சர்க்கரை ஏறிக்கொண்டே எடை இறங்கினால் அது வெற்றியல்ல, இன்சுலின் பற்றாக்குறையாக இருக்கலாம். உடனே மருத்துவரைப் பாருங்கள்.

முதலில் சொன்னவருடைய கிளிமிபிரைடை அன்றே நிறுத்தினேன், மெட்ஃபார்மின் என்ற இன்னொரு சர்க்கரை மாத்திரை தொடர்ந்தது. சர்க்கரை வேகமாக இறங்கும்போது விழித்திரைப் பாதிப்பு சிலருக்கு மோசமாகலாம் என்பதால் கண் பரிசோதனைக்கும் அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து எடை 7 கிலோ குறைந்திருந்தது, கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி 8.4-லிருந்து 6.6. மருந்தையெல்லாம் விட்டு மூன்று மாதமாவது 6.5-க்குக் கீழே இருந்தால்தான் நோய் தணிந்திருக்கிறது என்று சொல்வோம். இடுப்புப் பட்டையில் புதிதாகக் குத்திய இரண்டு துளைகளைக் காட்டிவிட்டு, அடுத்த பரிசோதனைக்குத் தேதி கேட்டார்.