கரன்ட் பில்லில் ஏழ்மையை அளப்பது எப்படி?

புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் ஒரு நாட்டாமையிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். லொறி வந்த நாளில் கையில் காசு இருக்கும். வராத நாளில் தேத்தண்ணிக்கும் கடன். சம்பளச் சீட்டு இல்லை, வரிக் கோப்பும் இல்லை. இப்படிப்பட்டவர்கள் நிறைந்த ஊரில் உதவிப் பணம் யாருக்கு என்று அரசாங்கம் எப்படித் தீர்மானிப்பது?

வருமானத்தைக் கேட்காதே, கண்ணுக்குத் தெரிவதை எண்ணு: பொருளியலாளர்கள் பல நாடுகளுக்குச் சொல்லிக்கொடுத்த வழி இது. முதலில் மாதிரிக்காகத் தெரிவுசெய்த வீடுகளில் மட்டும் செலவுக் கணக்கை விரிவாக எடுப்பார்கள். கூடவே கூரை என்ன, எத்தனை அறை, பிள்ளைகள் எத்தனை பேர், மோட்டார் சைக்கிள் உண்டா என்றும் குறித்துக்கொள்வார்கள். எது எந்த அளவு செலவோடு சேர்ந்து வருகிறது என்று கணினி பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறை, அதாவது இத்தனை புள்ளி என்று, கொடுக்கும். அதன் பிறகு நாட்டின் மற்ற வீடுகளில் செலவைக் கேட்கவே தேவையில்லை. கூரையையும் அறையையும் கேட்டுப் புள்ளியைக் கூட்டினால் போதும்.

2023இல் இலங்கையில் சமுர்த்தி உதவித்தொகைக்குப் பதிலாக வந்த அஸ்வெசும உதவித் திட்டம் இந்த முறைக்கு நெருங்கிய உறவு. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீடு, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகள். புள்ளிப்படி நான்கு வகை. தொடக்கத்தில் மாதம் 2,500 ரூபாயிலிருந்து 15,000 ரூபாய் வரை. அரசியல்வாதி எழுதிக்கொடுக்கும் பெயர்ப் பட்டியலைவிட இது மேல் என்றுதான் நானும் நினைக்கிறேன்.

மின்சாரப் பாவனையும் அந்தக் குறிகாட்டிகளில் ஒன்று. மொத்தமாகப் பார்த்தால் நல்ல அடையாளம்தான். வசதி கூடக் கூட யூனிட்டும் கூடும். ஆனால் கொழும்புத் தோட்டம் ஒன்றுக்குள், அதாவது ஏழைகளின் சிறு வீடுகள் நெருங்கிக் கிடக்கும் குடியிருப்புக்குள், வாருங்கள். ஜிந்துப்பிட்டியில் ஒரே மீட்டரில் மூன்று குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். குடும்பத்துக்கு 40 யூனிட், பில்லில் 120. மீட்டர் எந்த அக்காவின் பெயரில் இருக்கிறதோ அவர் கணினிக்கு வசதிக்காரி. மற்ற இரு வீட்டாருக்கும் காட்டப் பில்லே இல்லை. கூட்டலில் பிழை கிடையாது. ஒரு மீட்டர் என்றால் ஒரு குடும்பம் என்ற எடுகோளில்தான் பிழை.

யாருக்கு உதவி, யாருக்கு இல்லை என்று புள்ளியில் கிழிக்கும் வெட்டுக்கோடு இன்னொரு தலையிடி. அதை இறுக்கினால் வசதியானவர்களோடு ஏழைகளும் வெளியே போவார்கள். தளர்த்தினால் ஏழைகளோடு வசதியானவர்களும் உள்ளே வருவார்கள். குறிகாட்டிகளின் எண்ணிக்கையைக் கூட்டிப் பார்த்தாலும் தப்ப முடியாது. ஜோர்தானின் தகாஃபுல் என்ற உதவிப் பணத் திட்டத்தில் 57 குறிகாட்டிகள். அங்கும் கார் வைத்திருப்பதும் கரன்ட் பாவனையும் கணக்கில் உண்டு, அங்கும் கஷ்டப்பட்ட குடும்பங்கள் விடுபட்டன. இங்கே முதல் பட்டியல் வெளியானபோது ஒன்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மேன்முறையீடுகள் வந்தன.

சட்டம்? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தானியங்கி முறையில் மட்டும் எடுத்த முடிவை மீளாய்வு செய்யக் கேட்கலாம் என்கிறது. அந்த 'மட்டும்'தான் வில்லங்கம். வீட்டுக்கு வந்து படிவம் நிரப்பியவர் மனிதர், பிரதேச செயலகத்தில் கோப்பைப் பார்ப்பவரும் மனிதர். அப்படியானால் முடிவெடுத்தது இயந்திரமா என்று வழக்கறிஞர்கள் நாள்கணக்கில் வாதாடலாம்.

அதற்கு முன் படிவத்தில் ஒரு கட்டம் சேர்க்கலாம்: இந்த மீட்டரில் எத்தனை குடும்பம்? 120ஐ மூன்றால் வகுக்கக் கணினிக்குத் தெரியும்.