எண்டேஞ்சர்ட்: அருகிய இனம்

‘எண்டேஞ்சர்ட் ஸ்பீஷீஸ்’ என்பதை ‘ஆபத்தான உயிரினம்’ என்று எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது தவறு. ஆபத்தான உயிரினம் என்றால் நம்மைக் கடிக்க வருவது.

ஆங்கிலச் சொல்லின் நடுவே இருக்கும் ‘டேஞ்சர்’ பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. லத்தீனில் ஆண்டானைக் குறிக்கும் ‘டோமினுஸ்’தான் அதன் வேர். ஒருவருடைய ‘டேஞ்சரில்’ இருப்பது என்றால், அவர் நினைத்தால் அழிக்கவும் காக்கவும் முடிகிற நிலையில், அவர் அதிகாரத்துக்குக் கீழே இருப்பது. ஆபத்து என்ற பொருள் அப்புறம் வந்தது.

தமிழில் சரியான சொல் ‘அருகிய இனம்’. அருகுதல் என்றால் குறைந்துபோதல். ‘அரிய இனம்’ வேறு. அரிய பறவை என்றைக்குமே கொஞ்சமாக இருந்திருக்கலாம். அருகிய பறவை நிறைய இருந்து குறைந்துபோனது. குறைந்தது என்றவுடனே எதனால், யாரால் என்ற கேள்வி வந்துவிடுகிறது. அதற்காகவே எனக்கு இந்தச் சொல் பிடிக்கும்.

கானமயில் (கிரேட் இண்டியன் பஸ்டர்ட்) என்ற பெரிய புல்வெளிப் பறவை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’. தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை. இன்று இருநூறுக்கும் குறைவு, பெரும்பாலும் ராஜஸ்தானின் தார்ப் பாலையில். வெறுந்தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டை இடும். கண்கள் தலையின் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ளது சரியாகத் தெரியாது. மின்கம்பி கண்ணில் படும்போது, அந்தக் கனத்த உடம்பைச் சட்டென்று திருப்ப முடியாது. கம்பிகளில் பல, கரி உமிழ்வைக் குறைக்க வந்த சூரிய, காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோகின்றவை.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கம்பிகளை மண்ணுக்கடியில் பதிக்கச் சொன்னது. உமிழ்வைக் குறைப்பதாக உலகத்துக்குக் கொடுத்த வாக்கு கெடும் என்று ஒன்றிய அரசு முறையிட்டது. 2024 மார்ச் 21 தீர்ப்பு அந்த உத்தரவைத் தளர்த்தி, முடிவை நிபுணர் குழுவிடம் விட்டது. காலநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது அரசியலமைப்பின் 14, 21 உறுப்புகளின்படி நம் உரிமை என்றும் அதே தீர்ப்பு சொன்னது. சரி, பறவையின் கதி? 1976இல் சேர்த்த 48அ உறுப்பு சுற்றுச்சூழலையும் காட்டுயிரையும் ஒரே வாக்கியத்தில் அரசின் பொறுப்பில் வைக்கிறது. ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிட அதில் இடமில்லை.

ஜெய்சால்மேர் பக்கம் இப்போது கானமயில் குஞ்சுகளை அடைப்பில் வைத்து வளர்க்கிறார்கள். சிவப்புப் பட்டியலில் ‘மிக அருகிய இனம்’ என்பதற்கு அடுத்த படி, அடைப்பில் மட்டுமே மிஞ்சியிருப்பது. அதன் பெயர் ‘இயலிடத்தில் அற்றுவிட்ட இனம்’.