கட்டைவிரலை மடக்கினால் சுட்டுவிரலும் ஏன் மடங்குகிறது?

நான்கு விரல்களையும் நீட்டியபடி, கட்டைவிரலை மட்டும் சுண்டுவிரலின் அடிப்பக்கமாக மடக்கிப் பாருங்கள். சுட்டுவிரலின் நுனியும் கூடவே வளைந்தால், உங்கள் முன்கையில் இரண்டு தசைநாண்கள் பிணைந்திருக்கக்கூடும். லின்பர்க், காம்ஸ்டாக் என்ற இருவர் 1979இல் இதை விவரித்தபோது, அவர்கள் பரிசோதித்தவர்களில் 31 சதவீதத்தினருக்கு ஒரு கையிலாவது இது இருந்தது. ஆகவே, இதை நோய் என்று சொல்வது சற்று மிகைதான்.

கட்டைவிரல் நுனியை மடக்கும் தசையும், மற்ற விரல்நுனிகளை மடக்கும் ஆழ்தசையும் கருவில் ஒரே திசுத்திரளிலிருந்து பிரிந்து உருவாகின்றன. அந்தப் பிரிவு முழுமையடையாமல் போனால், மணிக்கட்டுக்குச் சற்று மேலே ஒரு மெல்லிய நாண்கிளையோ தடித்த உறையோ இரண்டையும் இணைத்துவிடுகிறது. பலருக்கு இது ஆயுள் முழுக்கத் தெரியாமலே போகும். விரல்களைத் தனித்தனியே இயக்க வேண்டிய இசைக்கலைஞர்களுக்குத்தான் சிக்கல்: சுட்டுவிரலை நீட்டிப் பிடித்துக்கொண்டு கட்டைவிரலை மடக்கும்போது அந்த இணைப்பு இழுபட்டு முன்கை வலிக்கும்.

ஓய்வுக்கும் பயிற்சிக்கும் வலி அடங்காவிட்டால் இணைப்பை வெட்டிவிடலாம். ஆனால் இணைப்பு முழுவதும் அறுபட்டதா என்று அறிய, நோயாளியே விரலை அசைத்துக் காட்ட வேண்டும்; முழு மயக்கத்தில் இருப்பவரால் அது முடியாது. ரத்தக்கசிவைத் தடுக்கக் கையில் இறுக்கும் பட்டையோ, ரத்தம் போகாத தசையைச் சிறிது நேரத்திலேயே செயலிழக்கச் செய்துவிடும். இங்கேதான் கனடாவின் கை அறுவை மருத்துவர் டொனால்ட் லலோண்ட் பரப்பிய முறை கைகொடுக்கிறது. மரத்துப்போகச் செய்யும் லிடோகெயினுடன் லட்சத்தில் ஒரு பங்கு அட்ரினலின் கலந்து ஊசி போட்டு ஏறத்தாழ 25 நிமிடம் காத்திருந்தால், நாளங்கள் சுருங்கி ரத்தக்கசிவு குறைகிறது, பட்டையே தேவைப்படுவதில்லை. அட்ரினலினால் விரல் அழுகிவிடும் என்று மருத்துவ மாணவர்களுக்குப் பல பத்தாண்டுகளாகக் கற்பிக்கப்பட்டது. லிடோகெயினுக்கு முன்பு புழங்கிய புரோக்கெயின், நாள்பட்டால் அமிலத்தன்மை ஏறும் மருந்து என்பதும், பழைய பாதிப்புகளில் அதற்குப் பெரும் பங்கு இருந்திருக்கலாம் என்பதும் பின்னரே உணரப்பட்டன. தேவைப்பட்டால் நாளச் சுருக்கத்தைத் தளர்த்த ஃபென்டோலமைன் என்ற மாற்றுமருந்தும் உண்டு.

வலி உணராத, ஆனால் தசை முழுதும் உயிர்ப்போடிருக்கும் கையில், மணிக்கட்டு அருகே சிறு கீறலிட்டு, நடுநரம்பை ஒதுக்கி வைத்து, மருத்துவர் இணைப்பைத் தேடுகிறார். "கட்டைவிரலை மடக்குங்கள்" என்றதும், வெண்ணிற நாணொன்று சறுக்கிப் பக்கத்து நாணையும் இழுத்துச் செல்வது கண்முன்னே தெரிகிறது. வெட்டிய பிறகும் அதே வேண்டுகோள்தான். சுட்டுவிரல் நுனி இன்னும் துடித்தால் வேறொரு கிளை மிஞ்சியிருக்கிறது என்று பொருள்; அது அசையாமல் இருப்பதைக் கண்ட பிறகே தையல் போடப்படுகிறது.